கழுவிக் கொண்டுவந்த வேர்

1. சொட்டச் சொட்ட வந்த செடி

கோதண்டம் இரண்டாம் முறை வந்தபோதும் வேரைச் சுத்தமாகக் கழுவித்தான் கொண்டுவந்தார். நான்கைந்து காராமணிச் செடிகளை வாழை நாரால் கட்டி, ஆய்வகத்தில் என் மேஜையில் வைத்தார். வேரிலிருந்து தண்ணீர் சொட்டி மேஜை நனைந்தது. மண் துளிகூட இல்லை. இலைகள் மஞ்சளடித்துச் சுருங்கியிருந்தன. காய் விட வேண்டிய பருவத்தில் செடி முழங்கால் உயரம்கூட ஏறவில்லை.

"நல்லா பாத்து எழுதும்மா. போன தபா வந்தப்ப புழு இல்ல, பூச்சி இல்லன்னு எழுதிக் குடுத்தாங்க. இந்த தபாவும் இல்லன்னு வந்துட்டா, அப்பால தோல் ஷாப்புத் தண்ணியத் தவிர வேற இன்னா கீது சொல்லு" என்றார்.

நான் வேர்களை ஒவ்வொன்றாக லென்ஸுக்குக் கீழே விரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வேரை உறிஞ்சும் நுண்புழுவுக்கான கட்டத்தில் 'நூற்புழு: இல்லை' என்று எழுதினேன். எங்கள் அதிகாரி ரங்கநாதன் சார் கையெழுத்துப் போட்டார். கோதண்டம் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படியிறங்கும்போது தரையில் சொட்டியிருந்த தண்ணீரைத் தோள் துண்டால் துடைத்துவிட்டுப் போனார்.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக, மூத்தவள் என்ற முறையில் ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. ஆனால் தினமும் தண்ணீரில் ஊறி ஊறி என் விரல்களுக்கு அறுபது வயதாகிவிட்டது. அந்த வகையில் மூத்தவள்தான்.

நான் சொல்லப்போவது எழுபதுகளின் ஆரம்பத்தில் நடந்தது. தாம்பரத்தில் இரண்டு அறைகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கொண்ட எங்கள் ஆய்வகத்தில் அப்போதுதான் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்தவள். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்ட முதல் நாள் அதைக் கழற்றாமலே மின்சார ரயிலில் குரோம்பேட்டை வரை நின்றுகொண்டு போனேன். எங்கள் தெரு முழுக்க அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். அதற்காக இன்றுவரை நான் வெட்கப்படவில்லை.

வேலை என்னவோ, மண் கழுவுவதுதான். மண்ணைக் காயவைப்பது, கழுவுவது, சலிப்பது, லென்ஸில் குனிவது. மாலையில் இடுப்பு நிமிராது. வீட்டுக்குப் போனால் அம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு காத்திருப்பாள். முதலில் அப்பாவின் கைக்கு, அப்புறம் என் கைக்கு. அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், தோலிலிருந்து முடி நீக்குவதற்கான சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. அந்தக் கையில் ரேகையே இருக்காது.

அவர் வேலை செய்த அதே தோல் ஷாப்பின் மேல்தான் கோதண்டம் மனுக் கொடுத்திருந்தார்.

2. போகிற வழியில்

கோதண்டத்தின் நிலம் குரோம்பேட்டைக்குக் கிழக்கே, மேட்டில் இருந்தது. ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த நிலம் என்று சொன்னார்கள். கால்வாயை மறித்து வீடுகள் வந்த பிறகு கிணற்றை நம்பி ஒரு போகம் காராமணி, அடுத்த போகம் எள், ஓரத்தில் துவரை என்று மாற்றி மாற்றி விதைத்துக்கொண்டிருந்தார். நாலு வருஷமாக அதுவும் ஒழுங்காக வரவில்லை. பக்கத்து நிலத்தில் ஏற்கெனவே ஒரு மனைக்காரர் மனை பிரித்து, வெள்ளையடித்த கல் நட்டுவிட்டார். அடுத்த போகமும் போனால் தன் நிலத்தையும் அந்த ஆளிடமே கொடுத்துவிடுவதாகக் கோதண்டம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மிரட்டலுக்காகச் சொன்னதல்ல. களைத்துப் போய்ச் சொன்னது.

அவருக்குக் கீழே, ஓடைக்கரையில் இன்னும் நான்கு குடும்பங்களுக்கு நிலம் இருந்தது. தோல் ஷாப்பின் கழிவுநீர் அந்த ஓடையில்தான் போகும். அது ஊறித் தன் கிணறும் கெட்டுவிட்டது என்பது கோதண்டத்தின் கட்சி. ஐந்து பேரும் சேர்ந்து தாசில்தாரிடம் மனுக் கொடுத்தார்கள். நஷ்ட ஈடு வேண்டும், கழிவுநீரை நிறுத்த வேண்டும் என்பது மனு. கோதண்டம்தான் தலைவர். எங்கள் இரண்டு 'இல்லை'களும் அந்த மனுவோடு ஊசி குத்தி வைக்கப்பட்டிருந்தன.

தாலுகா ஆபீசிலிருந்து, நிலத்தை நேரில் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி எங்களுக்கு எழுதிக் கேட்டார்கள். ரங்கநாதன் சார் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீ குரோம்பேட்டைதானேம்மா. போற வழிதான். ஒரு எட்டு பாத்துட்டு வீட்டுக்குப் போயிடு."

எங்கள் ஆபீசில் ஜீப் கிடையாது என்பதைச் சொல்லும் மரியாதையான முறை அது. ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்து போனேன். கோதண்டம் வெளியே போயிருந்தார். அவர் மனைவி அலமேலு கிணற்றடியில் இருந்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் வரப்பு வரை கூடவே வந்தாள்.

வரப்பில் நின்றதுமே எனக்கு ஏதோ இடறியது. வயல் முழுக்க மஞ்சளாக இல்லை. அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தது. ஒவ்வொரு திட்டும் நீளவாக்கில், ஏர் ஓட்டிய திசையில் இழுபட்டிருந்தது. வாய்க்காலோ அதற்குக் குறுக்கே போனது. தண்ணீரால் கெட்டிருந்தால் தண்ணீர் ஓடிய வழியில் மஞ்சள் இறங்கியிருக்க வேண்டும். இது ஏர்க்காலில் ஒட்டிய மண் போன வழியில் போயிருந்தது.

அலமேலுவிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன். திட்டின் ஓரத்தில் இருந்த ஒரு செடியைப் பிடுங்காமல், சுற்றிலும் கொத்தி, மண் கட்டியோடு தூக்கி வாளிக்குள் இறக்கினேன். மண் தானாகக் கரையும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். கை கடுத்தது. தூக்கிப் பார்த்தபோது வேரில் வெள்ளை வெள்ளையாக மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ரவையில் பாதிகூட இருக்காது. லென்ஸை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ வடிவம்.

அலமேலுவிடம் லென்ஸைக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஈறு மாதிரி கீது" என்றாள். "வேருக்கு ஈறு புட்ச்சிக்கீது."

அதைவிடச் சரியாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இது முட்டைக்கூடு நூற்புழு. ஆபீசில் நாம் சிஸ்ட் என்று சொல்வது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழு வேருக்குள் தலையை நுழைத்துச் சாற்றை உறிஞ்சும். பெண் புழு அங்கேயே பருத்து வேருக்கு வெளியே மணியாகத் தெரியும். முட்டை நிறைந்ததும் செத்துவிடும். அதன் தோல் பழுப்பேறி இறுகி, முட்டைகளுக்குப் பெட்டியாக மண்ணில் கிடக்கும். வருஷக் கணக்கில் கிடக்கும். பிடித்த பயிரின் வேர் பக்கத்தில் வந்தால் முட்டைகள் மொத்தமாகப் பொரிந்து வெளியே வரும், வராவிட்டாலும் வருஷத்துக்குக் கொஞ்சம் பொரியும். காராமணி, துவரை, எள் எல்லாமே இந்த ஜாதிப் புழுவுக்குப் பிடித்த பயிர்கள். கோதண்டம் தெரியாமல் வருஷம் முழுக்க அதற்குப் பந்தி வைத்துக்கொண்டிருந்தார்.

வேரிலிருக்கும் மணியைத் தேய்த்தால் உதிர்ந்துவிடும். அலமேலுவிடம், ஆபீசுக்கு அனுப்பிய செடிகளை யார் கழுவியது என்று கேட்டேன்.

"நான்தான். கெணத்தாண்ட வெச்சு நல்லா தேச்சு அலசித்தான் குடுத்தேன். ஆபீசுக்குப் போற பொருள சேறும் சகதியுமாவா குடுத்தனுப்புவாங்க?"

இரண்டு 'இல்லை'களும் அந்தக் கிணற்றடியில் தண்ணீரோடு போயிருந்தன. அலமேலு மட்டுமில்லை. எங்களிடம் வந்த யாருமே சேற்றோடு படியேறியதில்லை. செருப்பை வெளியே விடுவது போல மண்ணையும் வெளியே விட்டுவிட்டுத்தான் வருவார்கள். அதற்கேற்ப எங்கள் வாசலில் 'சுத்தம் பேணவும்' என்று ஒரு பலகையும் மாட்டியிருந்தோம்.

நான் வேரையும் ஒரு பை மண்ணையும் கட்டிக்கொண்டிருந்தபோது கோதண்டம் வந்துவிட்டார். விஷயத்தை அலமேலுவே சொன்னாள். அவர் வேரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீ எந்தூட்டுப் பொண்ணும்மா? குரோம்பேட்டதானா?"

சாமுவேல் மகள் என்று சொன்னேன். எந்த சாமுவேல் என்றார். சுண்ணாம்புத் தொட்டி சாமுவேல் என்றேன்.

அவர் மெதுவாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்டி சொல்லு. அப்பன் அங்க சம்பளம் வாங்கறான். பொண்ணு இங்க வந்து, தண்ணி மேல தப்பில்ல, எல்லாம் புழுதான்னு எழுதுது. நல்லாத்தான் கீது ஏற்பாடு."

"தண்ணி நல்லா இருக்குன்னு நான் சொல்லலீங்க."

"வேற இன்னா சொல்ற?"

ஒரு வாய் தண்ணீர் கேட்கலாம் என்றிருந்தேன், கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

3. கேன்

ரங்கநாதன் சார் பென்ஷனுக்குப் பக்கத்தில் இருந்தவர். கெட்டவர் இல்லை, களைத்தவர். நான் கொண்டுவந்த வேரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ரெண்டு தடவை இல்லைன்னு நாமளே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கோம். இப்ப இருக்குன்னு எழுதினா என்ன கேப்பாங்க தெரியுமா? அப்ப என்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்க. அதுலயும் நீ யார் பொண்ணுன்னு ஊருக்கே தெரியும்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "மண்ணைக் காயப்போடு. கேன்ல ஓட்டிப் பாரு. அப்புறம் பேசலாம்."

கேன் என்பது இன்றும் நீங்கள் பயன்படுத்துகிற அதே பித்தளைக் கேன்தான். நிழலில் காய்ந்த மண்ணை அதில் தண்ணீர் விட்டு அலசினால் மண் அடியில் தங்கும். காய்ந்த சிஸ்ட் இலேசானது, மிதந்து விளிம்பு வழியாக நுண்சல்லடையில் விழும். மண் நன்றாகக் காயாமல் அவசரப்பட்டால் சிஸ்ட்டும் மண்ணோடு அமிழ்ந்துவிடும். அதனால் காத்திருந்தேன். அந்த நாட்களில் தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து வந்து கேட்டுவிட்டுப் போனார். என் தற்காலிக வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்கிற காகிதமும் அப்போது சாரின் மேஜையில்தான் இருந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கேனில் ஓட்டியதும் சல்லடையில் பழுப்பு மணிகள் வந்து ஒட்டின. ஒன்றைத் தூரிகையால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கினேன். உள்ளே முட்டைகள். முட்டைக்குள் சுருண்டு கிடக்கும் குஞ்சுகூடத் தெரிந்தது. சாரைக் கூப்பிட்டேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"இது அங்கேயேதான் இருந்திருக்கு" என்றார் கடைசியில். "கழுவின வேரைப் பாத்துட்டு வயலுக்கே இல்லைன்னு எழுதியிருக்கோம்." அப்புறம் சொன்னார்: "நான் கையெழுத்துப் போடறேன். ஆனா அந்த ஆள் நம்பலேன்னா இந்தக் காகிதத்தால பிரயோஜனம் இல்ல. அடுத்த போகமும் அதையேதான் விதைப்பான்."

4. சாமுவேல் மகள்

அன்றிரவு சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் ஆபீஸ் விஷயம் பேசினால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். அன்றும் அப்படித்தான் கேட்டார்.

"புழு இருந்தா இருக்குதுன்னு எழுது கண்ணு. ஆனா தண்ணி நல்லா கீதுன்னு மட்டும் எழுதிடாத. நான் தெனம் அந்தத் தண்ணியில நிக்கறவன்."

அம்மா அவரைத் திட்டினாள். வேலைக்கு உலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். அவர் கையைக் கழுவிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தின் முன் உட்கார்ந்துகொண்டார்.

கோதண்டத்திடம் 'தண்ணி நல்லா இருக்குன்னு நான் சொல்லல' என்று சொன்ன பிறகு எனக்கு மேலே வார்த்தை வராமல் போனது ஏன் என்று அப்போது புரிந்தது. நான் பார்த்தது ஒரே ஒரு வயல். மற்ற நான்கையும் நான் பார்க்கவே இல்லை. அதை எங்கேயும் சொல்லவும் இல்லை.

5. மண்ணை வறுத்தது

மறுபடியும் கோதண்டத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார், எழுந்திருக்கவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். என் பேச்சை நம்ப வேண்டாம், என் ஆபீசையும் நம்ப வேண்டாம். இரண்டு மண்தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் உங்கள் வயல் மண். ஒன்றில் இருப்பதை மட்டும் நன்றாக வறுத்துக் கொட்டுங்கள். இரண்டிலும் ஒரே காராமணி விதை போடுங்கள். கெட்டுப்போனது என்று நீங்கள் சொல்கிற அதே கிணற்றுத் தண்ணீரை இரண்டுக்கும் ஊற்றுங்கள். தொட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நான் தொடமாட்டேன். தண்ணீர்தான் காரணம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி மஞ்சளாகட்டும்.

"மண்ண வறுக்கறதா?" என்றார். அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தார்.

"வறுத்தா சிஸ்ட் செத்துடும். தண்ணி மாறாது."

"நீ ராத்திரில வந்து எதுனா தூவிட்டுப் போயிட்டா?"

"உங்க கட்டிலுக்குக் கீழ வெச்சுக்கோங்க."

அலமேலு சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் தொட்டி எடுத்துவர எழுந்தார்.

வேர்க்கடலை வறுக்கிற இரும்புச் சட்டியில் அலமேலு மண்ணை வறுத்தாள். தெருவில் போன பெண்கள் நின்று நின்று பார்த்தார்கள். "இன்னா அலமேலு, மண்ண வறுக்கற, கொழம்புக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, உன் வூட்டுக்காரருக்குத்தான்" என்றாள் அலமேலு. மண் புகைந்தது. ஆறியதும் கோதண்டமே தொட்டிகளை நிரப்பினார். வறுத்த மண் தொட்டியில் சுண்ணாம்பால் அவரே ஒரு கோடு போட்டார். எனக்குத் தெரியாமல் வேறு எங்கோ இன்னொரு அடையாளமும் வைத்ததாக அலமேலு பிற்பாடு சொன்னாள்.

அதன் பிறகு வெயில் காலம். தாம்பரத்தில் நாள் முழுக்கக் கேன் முன்னால் நின்றுவிட்டு, ரயிலில் நின்றுவிட்டு, சில சாயங்காலங்களில் மேட்டுவரை நடந்து தெருவிலிருந்தபடியே தொட்டிகளைப் பார்த்துவிட்டு வருவேன். முதலில் இரண்டும் ஒரே மாதிரிதான் முளைத்தன. கோதண்டம் அதைக் காட்டி என்னைக் கேலி செய்தார். "உன் புழு லீவுல போயிட்டுதா பூச்சியம்மா?" அந்தப் பெயர் தெருவுக்கே பிடித்துப்போயிற்று. பிள்ளைகள்கூட என்னைப் பூச்சியம்மா என்றார்கள். பட்டம் வாங்கியவள் நான். எரிச்சலாக இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு மெல்ல வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. கோடு போட்ட தொட்டியில் செடி கொடி வீசியது. மற்றதில் இலை சிறுத்து வெளிறியது. கோதண்டம் கேலியை நிறுத்தினார். நான் போனால் பேசுவதையும் நிறுத்தினார்.

ரங்கநாதன் சாரிடம் வந்து பெருமையாகச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. "வறுத்த மண்ணுல கொஞ்சம் சத்தும் கிளம்பும்மா. செடி பச்சையா இருக்கறதை மட்டும் வெச்சு முடிவு கட்டாதே. வேரைப் பாரு" என்றார். அவர் சொன்னது சரி. பார்த்ததற்கு மேல் எழுதக்கூடாது என்று பாடம் படித்துக்கொண்டிருந்தவள் அதே தப்பைச் செய்யப் பார்த்தேன்.

தொட்டிகளைக் கோதண்டமே உடைத்தார். இரண்டு வாளியில் இரண்டு வேரும் கரைந்தன. அவர் லென்ஸை வாங்கிக்கொண்டார். வறுக்காத மண்ணின் வேரைப் பார்த்தார். வறுத்ததைப் பார்த்தார். மறுபடியும் முதல் வேருக்கு வந்தார்.

"இதுல ஈறு கீது" என்றார். "அதுல இல்ல."

அவர் வாளி பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

"நாலு வருசமா அந்தத் தோல் ஷாப்புக்காரன சபிச்சிகினு இருந்தேனே" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு, "அந்த நாலு பேருக்கு நான் இன்னா சொல்லுவேன்?" என்று கேட்டார்.

அலமேலு உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அந்த வீட்டில் நான் வாங்கிக் குடித்த முதல் டம்ளர் அது.

6. கடைசி வரி

தாசில்தார் நேரில் விசாரிக்க வந்த அன்று வயலோரம் கூட்டமாக இருந்தது. ஐந்து குடும்பங்களும் நின்றன. தோல் ஷாப்பின் மேனேஜர் வெள்ளைச் சட்டையில் குடையோடு வந்திருந்தார். எங்கள் புதிய அறிக்கையின் நகல் அவர் கையில் எப்படியோ இருந்தது.

"சார், கவர்மென்ட் ஆபீசே எழுதிட்டாங்க. எல்லாம் புழு. எங்க தண்ணிக்கும் இவங்க பயிருக்கும் சம்பந்தமே இல்லை" என்றார். என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நம்ம சாமுவேல் பொண்ணுதான் சார் எழுதினது. நல்லா படிச்ச பொண்ணு."

கீழ்நிலத்துக்காரர்கள் நால்வரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் என் குரல் நடுங்கவில்லை, அதை மட்டும் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

"கடைசி வரியையும் படிக்கணும் சார்" என்றேன் தாசில்தாரிடம்.

அவர் காகிதத்தைத் திருப்பினார். ரங்கநாதன் சாரோடு உட்கார்ந்து நான் எழுதிய வரி அது. வாய்விட்டே படித்தார். இந்தக் கருத்து கோதண்டம் என்பவரின் மேட்டு நிலத்தில் எடுத்த மண்ணுக்கும் வேருக்கும் மட்டுமே பொருந்தும். ஓடைக்கரை நிலங்களின் மண் பார்க்கப்படவில்லை. தண்ணீரைச் சோதிக்கும் வசதி இந்த ஆய்வகத்தில் இல்லை. தண்ணீர் குறித்து இந்த அறிக்கை எதுவும் சொல்லவில்லை.

மேனேஜரின் சிரிப்பு போய்விட்டது. "அப்ப இந்த ரிப்போர்ட்டால யாருக்கு என்ன லாபம்?" என்றார்.

"எனக்குத்தான்" என்றார் கோதண்டம். முன்னால் வந்து நின்றார். "என் நெலத்த மனுவுலேர்ந்து எடுத்துடுங்க சார். என் மேட்டுக்கு அந்தத் தண்ணி ஏறல. அது புழுதான், நானே கண்ணால பாத்தேன். ஆனா இவங்க நாலு பேர் மனு அப்டியே இருக்கட்டும். அவங்க தண்ணிய யாராவது எடுத்துப் பாருங்க."

தலைவராக இருந்தவர் தன் பெயரைத் தானே அடித்துக்கொண்டார். நஷ்ட ஈடு வரும் என்று அவர் நம்பியிருந்தது எனக்குத் தெரியும். அந்த நால்வரில் இரண்டு பேர் அதன் பிறகு வெகுகாலம் அவரோடு பேசவில்லை என்றும் தெரியும்.

தண்ணீரைச் சோதிக்க வேறு ஆபீசுக்கு அனுப்பினார்கள். உப்பு மிஞ்சியிருப்பதாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகு காகிதம் அங்கும் இங்குமாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாராலும் காத்திருக்க முடியவில்லை. ஓடைக்கரையில் இரண்டு நிலங்களில் வெள்ளைக் கல் வந்துவிட்டது.

அப்பாவை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அந்த விசாரணைக்குப் பிறகு சில நாட்களாக அம்மா எண்ணெயை அவர் கைக்குத் தடவாமல் தோளுக்குத் தடவுவதைப் பார்த்தேன். தொட்டியிலிருந்து மாற்றி, ஈரத் தோல் சுமக்கப் போட்டிருந்தார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கல, நான் சொல்லல" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். மழைக்காலம் வந்ததும் பழையபடி சுண்ணாம்புக்கே மாற்றினார்கள்.

என் வேலை நீட்டிக்கப்பட்டது. ரங்கநாதன் சார் ஓய்வு பெறுவதற்குள் அதை நிரந்தரமாக்கிவிட்டுப் போனார்.

7. வாசலில்

கோதண்டத்துக்கு நாங்கள் சொன்ன வைத்தியம் எளியது, ஆனால் அலுப்பானது. சில வருஷங்களுக்குக் காராமணியும் வேண்டாம், எள்ளும் வேண்டாம், துவரையும் வேண்டாம். கேழ்வரகு அல்லது சோளம் போடுங்கள். பிடித்த பயிர் இல்லாமல் பொரியும் குஞ்சுகள் பட்டினியில் சாகட்டும். திட்டில் ஓட்டிய ஏரைக் கழுவாமல் நல்ல இடத்தில் இறக்காதீர்கள். அவர் கேழ்வரகு போட்டார். மனைக்காரர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனாராம். கோதண்டம் கொடுக்கவில்லை.

நாலு வருஷம் கழித்து ஒரு நாள் மத்தியானம் ஆய்வக வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். திட்டு இருந்த இடத்தில் பரீட்சைக்காக நாலு விதை போட்டிருக்கிறார். அதில் ஒரு காராமணிச் செடியை மண் கட்டியோடு தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். சாக்கிலிருந்து சேறு அவர் வேட்டியில் வழிந்தது. எங்கள் பலகையை அதற்குள் மாற்றியிருந்தோம். வேரைக் கழுவாமல் மண்ணோடு கொண்டுவரவும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தோம். அதற்கு நேர் கீழேதான் அவர் நின்றார். ஆனாலும் வாசற்படியைத் தாண்டவில்லை.

"உள்ள வரலாமா? மண்ணு கொட்டும்" என்றார்.

"கொட்டட்டும், வாங்க ஐயா."

செடி பச்சையாகத்தான் இருந்தது. வேரில் மணி எதுவும் கண்ணில் படவில்லை. அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மண்ணைக் காயவைத்து ஓட்டிவிட்டுத்தான் சொல்வேன் என்று அனுப்பினேன். பிற்பாடு கேனில் பார்த்தபோது சில பழுப்புக் கூடுகள் கிடைத்தன. நசுக்கினால் பெரும்பாலும் வெறும் ஓடு. ஒன்றிரண்டில் மட்டும் முட்டை இருந்தது. அப்படியே எழுதினேன்.

பதிலை வாங்க வந்தவர், "அப்ப இன்னும் ஒரு வருசம் கேவுருதானா?" என்றார்.

"இன்னும் ஒரு வருஷம் கேவுருதான்."

"களி தின்னு தின்னு வூட்ல அவ உன்னத்தான் திட்டிகினு கீறா, பூச்சியம்மா."

அவர் செடியோடு வந்துபோன அன்று வாசலிலிருந்து என் மேஜை வரை மண் கிடந்தது. துடைப்பத்தை எடுத்து நானே கூட்டினேன். பட்டம் வாங்கியவள் கூட்டுவதா என்று அட்டெண்டருக்கு வருத்தம்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். 'இல்லை' என்று எழுதுவதற்கு முன்னால் எதில் இல்லை என்று எழுதுங்கள். எதைப் பார்க்கவில்லை என்பதைக் கடைசி வரியாக எழுதுங்கள். யாராவது மண்ணோடு வந்தால் உள்ளே கூப்பிடுங்கள். தரையில் மண் விழுந்தால் நீங்களே கூட்டுங்கள். முகம் சுளிக்காதீர்கள். சுளித்தால் அடுத்த முறை அவர் கழுவிக் கொண்டுவந்துவிடுவார்.